பேயின் ஊர் மாறுகிறது, கொன்றவர் வீடு மாறுவதில்லை

பொய்யாக அழுகிறவரை ‘நீலிக் கண்ணீர் வடிக்கிறார்’ என்கிறோம். நம் கூட்டங்களிலும் ஆட்சியாளர்களைச் சாட இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. யார் இந்த நீலி? அம்பத்தூரிலோ ஆவடியிலோ அரக்கோணம் லோக்கல் ஏறினால், திருவள்ளூரைத் தாண்டி திருவாலங்காடு என்றொரு ஸ்டேஷன் வரும். அதன் பக்கத்தில் இருக்கும் பழையனூர்தான் நீலி கதையின் ஊர். நாம் தினமும் வேலைக்குப் போய் வரும் அதே தண்டவாளம்தான்.

கதை பல வடிவங்களில் உண்டு. சுருக்கம் இதுதான். முற்பிறவியில் கணவனே ஒரு பெண்ணைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். கையில் பிள்ளையோடு அவன் பின்னால் வந்து, ‘இவர் என் புருஷன், என்னைக் கைவிடப் பார்க்கிறார்’ என்று ஊரார் முன் அவள் அழுகிறாள். அவன் ‘இவள் பேய்’ என்கிறான். பழையனூர் வேளாளர் எழுபது பேர் ‘உன் உயிருக்கு நாங்கள் பிணை’ என்று சொல்லி அவனை அவளோடு தங்கவைக்கிறார்கள். இரவில் அவள் பழி தீர்க்கிறாள். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இன்று எழுபது பேரின் வாய்மைக்கு நினைவிடம் இருக்கிறது, இலக்கியச் சான்று இருக்கிறது, ஆண்டாண்டாகப் பெருமை இருக்கிறது. கொல்லப்பட்டவளுக்கு மொழியில் மிஞ்சியது பொய்க் கண்ணீர் என்ற வசை மட்டுமே. கொன்றவன் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு பேய்க்கதையைத் திரும்பச் சொல்லும்போது கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. செத்தவர் யார், எந்த ஊர், கொன்றவர் யார், கடைசியில் யாருக்கு மரியாதை என்பதை மட்டும் சொல்கிறவர் முடிவு செய்கிறார். சினிமாவில் இதற்கு ரீமேக் என்று பெயர். பழைய திகில் படமும் அதன் புதிய பதிப்பும் கையில் இருந்தால், ‘எது அதிகம் பயமுறுத்துகிறது’ என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. இடையில் என்ன மாற்றினார்கள் என்று பார்த்தால் அந்தச் சமூகத்தின் மனசாட்சி தெரிந்துவிடும்.

நாகவல்லி முதல் சந்திரமுகி வரை

1993-ல் பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ மலையாளத்தில் வந்தது. எழுதியவர் மது முட்டம். ஆலும்மூட்டில் என்ற ஈழவர் குடும்பத்து வீட்டில் முன்பு நடந்த கொலைகள்தான் இந்தக் கதைக்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. கொல்லப்பட்டவர்களில் அந்த வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணும் இருந்தார் என்பார்கள். படத்தில் அந்த வேலைக்காரப் பெண் இல்லை. அவர் இடத்தில் நாகவல்லி என்ற நாட்டியப் பெண் வந்துவிட்டாள். முதல் படத்திலேயே ஒரு பெண் காணாமல் போயிருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. மாடம்பள்ளி வீட்டுச் சங்கரன் தம்பி அவளைக் கொண்டுவருகிறான். அவள் வேறொருவனை நேசிப்பது தெரிந்ததும் கொன்றுவிடுகிறான். அவள் ஆவியைப் பூட்டிவைத்த அறைதான் கதை. 2004-ல் பி. வாசு இதைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ என்று எடுத்தார். அங்கே அந்த ஆவி தெலுங்கில் பாடுகிறது. 2005 ஏப்ரல் 14 அன்று அவரே தமிழில் ‘சந்திரமுகி’யாக எடுத்தார். தமிழ்ப் பெண்ணாகப் பிறந்த பாத்திரம், தமிழுக்கு வரும்போது ஆந்திரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தெலுங்குப் பெண் ஆகிவிட்டது. 2007-ல் பிரியதர்ஷன் இந்தியில் ‘பூல் புலையா’ எடுத்தார். அங்கே அவள் வங்காளி.

வரிசையாக வைத்துப் பாருங்கள். மலையாளத்துக்குத் தமிழச்சி, கன்னடத்துக்கும் தமிழுக்கும் தெலுங்குக்காரி, இந்திக்கு வங்காளி. எந்த மொழியில் எடுத்தாலும் பேய் அடுத்த ஊர்க்காரி. தன் ஊர்ப் பெண்ணைத் தன் ஊர் ஆண் கொன்றான் என்று சொல்ல எந்தப் பதிப்புக்கும் மனம் வரவில்லை. ஆடல் தொழிலில் இருந்த பெண்களை அரண்மனைகளும் கோயில்களும் எப்படி வைத்திருந்தன என்பது நம் வரலாறு. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் வரவே 1947 ஆகிவிட்டது. அந்தப் பெண்கள் வாழ்ந்த கதையைப் பேசாத சினிமா, அவர்களைப் பேயாக மட்டும் ஆட வைக்கிறது.

இன்னொரு மாற்றம் இதைவிட முக்கியம். மலையாளத்தில் கொலைகாரன் சங்கரன் தம்பி பெரும்பாலும் ஒரு பெயர், சுவரில் ஒரு படம். கன்னடத்தில் அந்த அரசனாகவும் காப்பாற்றும் மருத்துவராகவும் விஷ்ணுவர்தனே நடித்தார். தமிழில் இரண்டும் ரஜினி. ஒரு நாட்டியப் பெண்ணை எரித்துக் கொன்ற வேட்டையன் ‘லக லக லக’ என்று சிரிக்க, தியேட்டர் முழுக்க விசில். சென்னை சாந்தி தியேட்டரில் படம் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வந்த நம் அண்ணன்மார்களும் அந்த விசிலில் இருந்தார்கள். மலையாளத்தில் சுவரில் படமாக மட்டும் இருந்த கொலைகாரன் பன்னிரண்டு ஆண்டுகளில் கொண்டாடப்படும் நாயகனின் முகத்தை வாங்கிக்கொண்டான்.

முடிவு மட்டும் எல்லாப் பதிப்பிலும் ஒன்றே. ஆவியை ஏமாற்ற ஒரு பொம்மையைத் தயார் செய்கிறார்கள். கொலைகாரன் என்று நம்பி அவள் அந்தப் பொம்மையைத் தண்டிக்கிறாள். பிறகு அமைதியாகிறாள். வீடு சுத்தமாகிறது. கொல்லப்பட்டவளுக்குக் கிடைத்த நீதி ஒரு பொம்மை.

‘இது வெறும் படம்தானே’ என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு தேதி சொல்கிறோம். 2003 ஜூலை. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசனும் வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த கண்ணகியும் காதலித்து மணந்ததற்காக விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் எரிக்கப்பட்டன. காதலனை வெட்டிக் காதலியை எரித்த கதையை நாம் ரசித்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள். இந்த வழக்கில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025-ல். நிஜத்தில் இரண்டு குடும்பங்களும் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த திகிலை எந்த ஸ்டூடியோவும் எடுக்கவில்லை.

அமெரிக்காவில் சுடப்பட்டவர்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ 1968 அக்டோபரில் வெளியானது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நடமாடும் பிணங்களிடமிருந்து ஒரு வீட்டுக்குள் ஒளிந்துகொண்ட மனிதர்களின் கதை அது. அறிவோடும் துணிவோடும் இரவு முழுக்கப் போராடி உயிரோடு மிஞ்சுபவர் பென் என்ற கறுப்பினத்தவர். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ். விடிந்ததும் துப்பாக்கிகளோடு வெள்ளையர் கும்பல் காப்பாற்ற வருகிறது. ஜன்னலில் தெரியும் பென்னைப் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. கொக்கிகளால் இழுத்து நெருப்பில் போடுகிறார்கள். படம் முடிகிறது.

1990-ல் டாம் சாவினி இயக்கத்தில் அதன் ரீமேக் வந்தது. பென்னாக டோனி டாட் நடித்தார், சிறப்பாகவே நடித்தார். ஆனால் கடைசியில் பென் ஏற்கெனவே இறந்து, நிஜமாகவே நடைபிணமாகிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் கும்பல் சுடுகிறது. ஒரே ஒரு சின்ன மாற்றம். 1968-ல் அது கொலை. 1990-ல் அது தற்காப்பு. சுட்டவர்களின் கை கழுவப்பட்டுவிட்டது. ‘தாக்க வந்தார், அதனால் சுட்டோம்’ என்ற போலீஸ் அறிக்கைகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்த மாற்றத்தின் அர்த்தம் விளக்கத் தேவையில்லை.

அதே டோனி டாட் 1992-ல் ‘கேண்டிமேன்’ ஆனார். கிளைவ் பார்க்கர் எழுதிய மூலக் கதை இங்கிலாந்தில் நடக்கிறது. இயக்குநர் பெர்னார்ட் ரோஸ் அதைச் சிகாகோவின் கப்ரினி-கிரீன் குடியிருப்புக்கு மாற்றினார். பேய்க்கு ஒரு வரலாறும் கொடுத்தார். அடிமையின் மகனான ஓவியன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நேசித்ததற்காகக் கும்பலால் சித்திரவதை செய்து கொல்லப்பட்டான். அவன்தான் பேய். ஊரை மாற்றுவது எப்போதும் மறைப்பதற்காகத்தான் என்று இல்லை, சில நேரம் உண்மைக்கு அருகில் கொண்டுபோகவும் முடியும் என்பதற்கு இது சான்று. 2021-ல் நியா டகோஸ்டா என்ற கறுப்பினப் பெண் இயக்குநர் அதே பெயரில் தொடர்ச்சியை எடுத்தபோது இன்னொரு படி போனார். கேண்டிமேன் ஒருவர் அல்ல, தலைமுறைதோறும் கொல்லப்பட்ட பலர் என்றார். கப்ரினி-கிரீன் கட்டடங்கள் அதற்குள் இடிக்கப்பட்டு, இடம் பணக்காரர்களிடம் போயிருந்தது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றப்பட்ட குடும்பங்களை அறிந்த நமக்கு அந்தப் படம் வேற்றுநாட்டுப் படமாகத் தெரியாது.

ஒரே தலைப்பு, இரண்டு படங்கள்

தமிழில் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ என்ற தலைப்பில் இரண்டு படங்கள் உண்டு. ரீமேக் இல்லை, கதை வேறு. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. 1963-ல் ஸ்ரீதர் எடுத்த படத்தில், ஏழை வீட்டுப் பெண் கண்ணம்மாவை ஜமீன்தார் மகன் நேசிக்கிறான். ஜமீன்தாரே அவளைக் கொல்கிறார். காதலர்கள் மறுபிறவி எடுத்து வரும்போது, நம்பியார் நடித்த அந்த ஜமீன்தார் நூறு வயதைத் தாண்டி அதே ஊரில் உயிரோடு இருக்கிறார். ஸ்ரீதர் சாதி என்ற சொல்லை நேராக எடுக்கவில்லை. ஆனாலும் கொல்லப்பட்டவர்கள் மறுபடி பிறந்துதான் வரவேண்டும், கொன்றவருக்கு ஒரே பிறவி போதும் என்ற அந்த அமைப்பு, எத்தனையோ ஆணவக் கொலை வழக்குகளின் நிலவரம்.

2021-ல் செல்வராகவன் எடுத்த படத்தில் பணக்கார வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறார் மரியம், ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண். முதலாளியும் வேலையாட்களும் சேர்ந்து அவரைச் சீரழித்துக் கொல்கிறார்கள். அவர் திரும்பி வருகிறார். மணிச்சித்திரத்தாழில் காணாமல்போன வேலைக்காரப் பெண்ணுக்கு இங்கே ஒரு பெயரும் முகமும் கிடைத்திருக்கிறது. அது முன்னேற்றம். ஆனால் அந்தப் படத்தில் ரசிகர்கள் கொண்டாடியது யாரை? கொலைகார முதலாளியாக வந்த எஸ்.ஜே. சூர்யாவின் ஆட்டத்தை. வேட்டையனுக்கு அடித்த விசில் இன்னும் ஓயவில்லை.

வானத்திலிருந்து வந்தவர்கள்

அறிவியல் புனைவுப் படங்களிலும் ‘வெளியாள்’ என்ற பயம்தான் மூலதனம். 1956-ல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ படத்தில் வேற்றுக்கிரக வித்துகள் பக்கத்து வீட்டுக்காரரின் உருவத்தையே எடுத்துக்கொள்கின்றன. 1978, 1993, 2007 என்று அது திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டது. காலத்துக்கு ஏற்ப மாறியது யாரைச் சந்தேகிப்பது என்பதுதான். ஊர்த் தெருவில் நடந்தாலே சந்தேகப் பார்வை வாங்கிய சேரி மக்களுக்கு இந்தக் கதையின் மறுபக்கம் நன்றாகத் தெரியும். நமக்கு ஆபத்து வானத்திலிருந்து வந்ததில்லை.

இதில் தமிழ் சினிமா கொஞ்சம் வேறு பாதையில் போனது. 1963-ல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த ‘கலை அரசி’ வேற்றுக்கிரகவாசிகளைக் காட்டிய முன்னோடிப் படம். அவர்களிடம் விஞ்ஞானம் இருக்கிறது, கலை இல்லை. கற்றுக்கொள்ள ஒரு பாடகியைக் கடத்திப் போகிறார்கள். 2024-ல் ஆர். ரவிகுமார் எடுத்த ‘அயலான்’ படத்தில் வேற்றுக்கிரகவாசி பூமியைக் காக்க வருகிறது. பூமியைத் துளைத்து அழிப்பவர் கோட் போட்ட முதலாளி. ஒன்றில் வெளியாள் மாணவர், இன்னொன்றில் தோழர். இரண்டும் குழந்தைகளுக்கான கேளிக்கைதான் என்றாலும், ஆபத்து வெளியாளிடம்தான் இருக்கிறது என்ற பாடத்தை அயலான் தலைகீழாக்கியது நல்ல விஷயம். ஆனால் இரண்டிலும் பூமியில் சாதி இல்லை! வேறு கிரகத்தையே கற்பனை செய்ய முடிந்தவர்களுக்கு ஒரு சேரியைக் காட்ட முடியவில்லை.

காலி மைதானத்தின் அடியில்

நம் பகுதிப் பிள்ளைகள் மறக்கக் கூடாத பேய்ப் படம் 2011-ல் ராகவா லாரன்ஸ் எடுத்த ‘காஞ்சனா’. இளைஞர்கள் ஒரு காலி மைதானத்தில் கிரிக்கெட் ஆடப் போகிறார்கள். அந்த மண்ணுக்கு அடியில் மூன்று உடல்கள். திருநங்கை காஞ்சனா மருத்துவமனைக்காக வாங்கிய நிலத்தை ஒரு எம்.எல்.ஏ. பறித்து, அவரையும் அவருக்கு அடைக்கலம் தந்த இஸ்லாமியப் பெரியவரையும் பெரியவரின் மகனையும் கொன்று புதைத்திருக்கிறான். திருநங்கைகளைக் கேலிப்பொருளாக்கியே வந்த வெகுமக்கள் சினிமாவில் அவருக்குப் பழிதீர்க்கும் உரிமை கிடைத்தது. நடித்தவர் சரத்குமார், ஒரு திருநங்கை அல்ல என்ற குறை இருக்கிறது. 2020-ல் லாரன்ஸே இதை இந்தியில் அக்‌ஷய் குமாரை வைத்து எடுத்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குறை சரியாகவில்லை. மாறியது தலைப்பு. ‘லக்‌ஷ்மி பாம்’ என்ற பெயர் கடவுளை அவமதிப்பதாக எதிர்ப்பு கிளம்பியதும் ‘லக்‌ஷ்மி’ என்று சுருங்கியது. கொல்லப்பட்ட திருநங்கையின் நிலம் பற்றி யாரும் புண்படவில்லை.

பேய்க்கதையின் அடியில் நிலம் இருக்கிறது என்பதைக் காஞ்சனா நேராகச் சொன்னது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-ல் இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892-ல் அதன்பேரில் ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பட்டியல் சமூகத்தவர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். ‘இந்த மண்ணுக்கு அடியில் யார்’ என்ற கேள்வி நம் வட்டாரத்தில் வருவாய்த்துறைப் பதிவேட்டைத் திறந்து கேட்க வேண்டிய கேள்வி.

ஓட்டுவதா, வணங்குவதா?

மேட்டுக்குடி சினிமாவுக்குப் பேய் என்றால் ஓட்ட வேண்டியது. நம் மக்கள் மரபு வேறு. அநியாயமாகச் செத்தவருக்கு ஊர் எல்லையில் கல் நட்டு, படையல் போட்டு, ஆண்டுக்கொரு முறை கதையை முழுசாகப் பாடி வைத்திருப்பார்கள். மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் எல்லாரும் சாதி தாண்டிய காதலோடு தொடர்புள்ள சாவுகள்தான். அங்கும் கைவைத்தார்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த மதுரை வீரன் பிறப்பால் அரச வாரிசு என்ற ஏற்பாட்டை 1956 எம்.ஜி.ஆர். படமும் அப்படியே வைத்துக்கொண்டது. வீரத்துக்கு ஒரு ராஜா ரத்தம் தேவைப்பட்டதாம்.

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. கேரளத்தின் கள்ளியங்காட்டு நீலி 1979-ல் அதே பெயரில் வந்த மலையாளப் படத்தில் பயமுறுத்தும் யட்சி. 2025-ல் வந்த ‘லோகா’வில் அவளே நாயகி. அதிகாரத்தால் தன் மக்களை இழந்த பழங்குடிச் சிறுமி என்று அவளுக்குக் கடந்தகாலம் கொடுத்திருக்கிறார்கள். ஆவடி அருகே கரலப்பாக்கத்தில் பிறந்த பா. இரஞ்சித் 2024-ல் எடுத்த ‘தங்கலான்’ படத்தில் ஆரத்தி முதலில் சூனியக்காரியாக வருகிறாள். தங்கம் தோண்டப் போன உழைக்கும் மக்களே அவளைக் கண்டு நடுங்குகிறார்கள். கடைசியில் அவள் அந்த மண்ணைக் காத்தவள், அவர்களுடைய சொந்த வரலாறு என்று தெரிகிறது. படத்தின் கட்டுக்கோப்பு பற்றி விமர்சனம் இருக்கலாம். ஆனால் பேயைப் பார்த்து ‘நீ என் பாட்டி’ என்று சொல்லத் தெரிந்த சினிமா நமக்கு வேண்டும்.

படிப்பு வட்டம் நடத்தும் மாணவத் தோழர்களுக்கு எங்கள் யோசனை இது. அடுத்த மாதம் ஏதேனும் ஒரு பழைய படத்தையும் அதன் ரீமேக்கையும் அடுத்தடுத்து திரையிடுங்கள். முடிந்ததும் நான்கு கேள்விகளைப் பலகையில் எழுதுங்கள். செத்தவர் எந்த ஊர், என்ன தொழில்? கொன்றவருக்கு எந்த நடிகரின் முகம்? வீடும் நிலமும் கடைசியில் யாருக்கு? நீதி நிஜமா, பொம்மையா? பதில்கள் இரண்டு படத்துக்கும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கிருந்து விவாதத்தைத் தொடங்குங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் சேரியின் எல்லைத் தெய்வம் யார், எப்படிச் செத்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நம் கதையை அடுத்தவர் ரீமேக் செய்வதற்கு முன்னால், மூலப்பிரதி நம் கையில் இருக்க வேண்டும். மேடையில் யாராவது ‘நீலிக் கண்ணீர்’ என்று சொன்னால், அவள் ஏன் அழுதாள் என்று ஒரு முறை கேளுங்கள்.